நெருப்போரம் வைத்த செருப்பு

அமெரிக்காவில், ஐடஹோ மாநிலத்தின் சால்மன் ஆற்றில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ரப்பர் படகு ஓட்டும் ரோவீனா ஹட்சின்ஸுக்கு மனிதர்களைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் எதுவும் கிடையாது. நகரத்துப் பெண்கள் புதுச் செருப்போடு நேராக ஆற்றில் இறங்கிவிட்டு, மறுநாள் கொப்புளத்தோடு முனகுவார்கள்.

"கால பாத்து வாங்கினியாம்மா, கலர பாத்து வாங்கினியா?" என்று கேட்டுக்கொண்டே பிளாஸ்திரியை வீசுவாள்.

அவளுடையது பட்டை வைத்த, தண்ணீருக்கென்றே செய்த செருப்பு. நாளெல்லாம் நின்றாலும் கால் கடுக்காது. கரையேறியதும் பட்டைக்குள் புகுந்த மணலைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, அலசி, நிழலில் மரக்கிளையில் மாட்டிவிட்டுத்தான் சோற்றைப் பற்றி யோசிப்பாள்.

இதெல்லாம் டெல்மருக்குத் தெரியும். அவனும் அதே கம்பெனியில் படகோட்டி. இலையுதிர் காலத்தில் இருவருக்கும் கல்யாணம் என்று பேச்சு. ஒரு ஜூலைப் பயணத்தில் அவனுக்கு அன்பு பொங்கிவிட்டது. சீக்கிரம் காயட்டும் என்று அவள் செருப்பைக் கொண்டுபோய் நெருப்போரம் வைத்தான். விடிந்து பார்த்தால் பசை உருகி, அடிப்பாகம் நாய் நாக்கு மாதிரி தொங்கியது.

"ஒரு செருப்புக்கா இந்த மூஞ்சி? டேப்பு சுத்திக்கோ."

"உன் செருப்ப ஏன் வைக்கல?"

"என்னுது ஈரமே ஆகலயே."

"எப்பிடி ஆகும்? படகத் தள்ள என்னைக்கு நீ தண்ணில இறங்குன?"

வேறு வழியில்லாமல் டேப்பைச் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். மதியம், பாறையில் சிக்கிய படகை இழுக்க அவள்தான் இறங்கினாள். டேப் அவிழ்ந்தது, பாசி வழுக்கியது, கணுக்கால் ஒடிந்தது. படகில் தூக்கிக் கிடத்தினார்கள். பயணிகளிடம் டெல்மர் சொன்னது அவள் காதில் விழுந்தது:

"அவ எப்பவும் இப்பிடித்தான். பாத்து நடக்க மாட்டா."

அந்த வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன்மேல் வந்தது கோபமாக இருந்திருந்தால் ஆறியிருக்கும். இது இளக்காரம்; ஆறவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பூங்கொத்தோடு வந்தவனிடம் நிச்சய மோதிரத்தைக் கழற்றி நீட்டினாள்.

"செருப்பக் கெடுத்ததுக்கு இல்ல, டெல்மர். பழியத் தூக்கி என் கால்மேல போட்ட பாரு, அதுக்கு."

அடுத்த கோடையில் அவள் மறுபடி துடுப்பைப் பிடித்தாள். குளிர் வந்தால் கணுக்கால் குடையும், அவ்வளவுதான். டெல்மர் பாய்சி நகரத்துக்குப் போய்க் கார் விற்றான். தன் கல்யாணத்துக்கு வெட்கமில்லாமல் அவளையும் கூப்பிட்டான். போனாள். மணப்பெண்ணை ஏற இறங்கப் பார்த்து, "பொறுமைசாலி போல," என்றாள். ஹக்கிள்பெரிப் பழம் போட்ட கேக்கை இரண்டு முறை வாங்கித் தின்றாள். அங்கே உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான் என்பது அவள் கருத்து.