புலிகேசியாகச் சாக ஆள் கிடைக்காத பொங்கல்

"பொங்கலும் அதுவுமா எம்பிள்ளை மேடையில செத்து விழணுமா கமலா? நல்லா இருக்கு உன் நியாயம்."

பக்கத்துப் பேட்டையான கர்க்லாண்டிலிருந்து டாக்டர் மனைவி வசந்தா ஃபோனில் இப்படித்தான் ஆரம்பித்தாள். பிள்ளைகளை வைத்து நாடகம் போடுகிறவளுக்கு எதிரிகள் எல்லாம் மேடைக்குக் கீழேதான் உட்கார்ந்திருப்பார்கள். நீங்களும் போட்டிருந்தால் தெரியும். பொங்கல் விழாவுக்கு நான் எடுத்தது வாதாபிப் போர். பல்லவர்கள் படையெடுத்துப் போய் சாளுக்கிய மன்னன் புலிகேசியை அவன் தலைநகரிலேயே முடித்த கதை. புலிகேசி சாகாமல் நாடகம் முடியாது. சாகத்தான் ஆள் இல்லை.

எல்லோரும் ஹர்ஷன்

புலிகேசி லேசுப்பட்டவனில்லை, வடக்கே ஹர்ஷனையே நர்மதைக் கரையில் நிறுத்தித் திருப்பி அனுப்பியவன் என்று வசந்தாவுக்கு எடுத்துச் சொன்னேன். அவள் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு 'திருப்பி அனுப்பியவன்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டாள். செய்தி பரவி, மறுநாளைக்குள் நாலு அம்மாக்கள் ஹர்ஷன் வேஷம் கேட்டார்கள்.

"தோத்தாலும் உயிரோட வீட்டுக்குப் போனான் இல்ல? எங்களுக்கு அது போதும்" என்றாள் வசந்தா.

பல்லவர் படையின் பாஷை

ஒத்திகை டொலார்டில், ஒரு சர்ச்சின் அடித்தள ஹாலில். வாதாபி விழுந்த சமயத்தில்தான் பாரசீகப் பேரரசும் அரபுப் படைகளிடம் விழுந்துகொண்டிருந்தது, உலகமே தலைகீழாகிக்கொண்டிருந்தது என்று சுவரில் வரைபடம் ஒட்டி விளக்கினேன். ஒரு பிள்ளையும் அசரவில்லை. பல்லவர் சேனை பனி பூட்சைக் கழற்றாமல், ஹாக்கி மட்டையை வேலாகப் பிடித்து, "அன், தூ, த்ருவா" என்று பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் எண்ணிக்கொண்டு கோட்டைக்குள் பாய்ந்தது.

கடைசியில் புலிகேசி வேஷத்துக்கு என் வீட்டுக்காரரைக் கேட்டேன். சென்ட் லோரன்ட் ஃபாக்டரியில் நூறு பேரை மேய்க்கிற எஞ்சினியர். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் வந்தது.

"வீட்டுல தோக்கறது பத்தாதா, ஊரைக் கூட்டி வேற காட்டணுமா?"

யோகம் சொன்னது

மிச்சமிருந்தது யோகத்தின் மகன். யோகம் மட்டக்களப்புக்காரி, இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. திரை இழுக்கும் பொறுப்பு அவளுடையது. யாரிடமும் அதிகம் பேச மாட்டாள், சிரித்து நான் பார்த்ததே இல்லை. உன் மகன் உயரத்துக்கு ராஜா வேஷம் அப்படியே பொருந்தும், கடைசியில் ஒரு நிமிஷம் விழுந்து கிடந்தால் போதும் என்று என் சாமர்த்தியம் எல்லாவற்றையும் காட்டினேன். அவள் திரைக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே முழுக்கக் கேட்டாள்.

"அக்கா, பிள்ளைகள் செத்துக் கிடக்கிறதப் பாக்கவேணுமெண்டா நாங்க ஊரிலேயே இருந்திருக்கலாம்."

வாதாபியில் விழுந்தவள்



எந்தப் பிள்ளையும் விழ வேண்டாம் என்று முடிவு செய்தேன். அதற்காகப் புலிகேசியை உயிரோடு விடவும் மனசு வரவில்லை. சண்டையில் செத்தான் என்றுதான் கான்வென்டில் எங்கள் மதர் நடத்தினார்கள், மதரை எதிர்த்து எனக்குப் பழக்கமில்லை. பொங்கலன்று நானே மீசை ஒட்டி, வசந்தாவின் பட்டுப்புடவையைப் பஞ்சகச்சமாகக் கட்டி மேடையேறினேன். பல்லவ ராஜா வெட்டினான். தொப்பென்று விழுந்தேன். மீசை கழன்று அவன் பூட்ஸ் மேல் உட்கார்ந்தது. வெற்றி முழக்கம் செய்ய வேண்டியவன் குனிந்து அதை எடுத்து, "ஆன்ட்டி, உங்க மீசை" என்று என் மூக்குக்குக் கீழே பத்திரமாக ஒட்டிவிட்டான்.

ஹால் அதிர்ந்தது. பிணம் கண்ணைத் திறக்கக் கூடாது, இருந்தாலும் ஒரு கண்ணைத் திறந்தேன். பக்கவாட்டில் யோகம், கயிற்றை விட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சாம்ராஜ்யங்கள் எப்படி விழுந்தன என்று மதர் பக்கம் பக்கமாகச் சொல்லித் தந்தார்களே தவிர, விழுந்த பிறகு எவ்வளவு நேரம் அப்படியே கிடக்க வேண்டும் என்று சொல்லவேயில்லை.

"யோகம், திரையை இழும்மா... யாராவது இழுங்களேன்."