பத்து லாரியோடு முடியாத ஆட்டம்

இரண்டாயிரங்களின் கடைசி ஆண்டுகளில், வடசென்னையின் விம்கோ நகரில் ஒரு தொழிற்சங்கக் கட்டடத்தின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்குக் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தேன். அப்போது நான் ஒரு நாளிதழில் துணை ஆசிரியர். பதினான்கு பிள்ளைகள், ஐந்து பழைய கணினிகள். கணினிகளைத் தந்தது துறைமுகத்துக்குப் போகும் சரக்குப் பெட்டிகளை அடுக்கி வைக்கும் ஒரு கன்டெய்னர் யார்டு. முதலில் மூன்று மாதத்துக்கு; பிள்ளைகள் செய்ததைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு முடிவு சொல்வதாகப் பேச்சு.

நாங்கள் பயன்படுத்திய மென்பொருளில் கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். 'பத்து அடி நட', 'விளிம்பைத் தொட்டால் திரும்பு' என்று ஒவ்வொன்றாக இழுத்து, ஒன்றின் கீழ் ஒன்றாகப் பொருத்தினால் திரையில் நிற்கும் பூனை நடக்கும். கட்டைகளில் இருந்தது ஆங்கிலம். இரண்டாவது வாரத்துக்குப் பிறகு யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி முதல் நாளே பூனையை அழித்தாள். அந்த இடத்தில் இரட்டைச் சடையும் பள்ளிப் பையுமாக ஒரு பெண்ணை வரைந்தாள். குறுக்கே ஒரு சாலை. சாலையில் டிரெய்லர் லாரிகள், ஒன்றின் முதுகை ஒன்று உரசும் நெருக்கத்தில். இடுக்கில் புகுந்து சடைக்காரி அந்தப் பக்கம் போக வேண்டும். ஒரு வரிசையைக் கடந்தால் அடுத்தது வந்து நிற்கும்.

அவள் தினமும் பள்ளிக்குப் போகும் வழி அதுதான். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலை நெடுக நாள்கணக்கில் நின்ற காலம். ஒரு லாரியின் அடியில் ஸ்டவ் வரைந்திருந்தாள். ஓட்டுநர்கள் அங்கேதான் சமைப்பார்கள். அந்த லாரியின் மேல் மவுஸை அழுத்தினால், 'இன்னும் ரெண்டு நாள் ஆவும்' என்று ஆங்கில எழுத்தில் ஒரு வரி வரும். மற்ற பிள்ளைகள் ஆடிப் பார்த்துவிட்டு, ஜெயிக்கவே முடியல, பேஜாரு என்றார்கள். சொல்லிவிட்டு மறுபடி ஆட இடம் பிடித்தார்கள்.

லாரிகளை அவள் 'எப்போதும்' என்ற கட்டைக்குள் வைத்திருந்தாள். அதற்குள் வைத்தது நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். புதிதாகப் படிப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை என்று நினைத்தேன். நீண்டதை வெட்டுவது என் தொழில். அவளைக் கேட்காமல் அந்தக் கட்டையை எடுத்துவிட்டு 'பத்து முறை' என்ற கட்டையைப் போட்டேன். பத்து லாரி போனதும் சாலை காலியானது. சடைக்காரி பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"எப்டி மிஸ் முடியும்?" என்றாள் அவள். "எங்க நைனா நேத்துலருந்து அங்கதான் நின்னுகினு கீறாரு."

அவள் தந்தை டிரெய்லர் ஓட்டுகிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. செய்தியறையில் இப்படி ஒரு திருத்தம் செய்திருந்தால் மறுநாள் வருத்தம் தெரிவித்திருப்போம். பழைய கட்டையை அவள் கண்முன்னே திரும்ப வைத்தேன்.

மூன்றாம் மாத முடிவில் யார்டின் அதிகாரி வருவதாக இருந்தது. அவர்களுடைய லாரிகளும் அந்த வரிசையில்தான் நிற்கின்றன, அவருக்குப் பிடிக்காவிட்டால் கணினிகள் போய்விடலாம் என்று அவளிடம் ஒளிக்காமல் சொன்னேன். வேறு ஏதாவது செய்து காட்டுகிறாயா என்றும் கேட்டேன். இதுதான் தான் செய்தது என்றாள். நான் இரண்டாம் முறை கேட்கவில்லை.

வந்தவர் மற்ற பிள்ளைகளின் மீன்தொட்டியையும் பிறந்தநாள் வாழ்த்தையும் பாராட்டினார். அவள் கணினிக்கு வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஆடினார். நான்கு வரிசை கடந்தார். ஐந்தாவது வந்து நின்றதும் சிரித்தார்.

"எப்பம்மா முடியும் இது?"

"அத்த நீங்கதான் சார் சொல்லணும்."

பின்னால் யாரோ சிரித்து அடக்கிக்கொண்டார்கள். அதிகாரி அவளை விட்டுவிட்டு என்னிடம் பேசினார். ஆட்டத்தில் ஒரு பிழை இருக்கிறது, கடைசியில் துறைமுக கேட் திறந்து லாரிகள் உள்ளே போவது போல மாற்றிக் கொடுத்தால் தங்கள் நிறுவன விழாவிலேயே காட்டலாம் என்றார். ஒரு நிமிட வேலை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"கேட்ட தொறந்து வுடுங்க சார்," என்றாள். "அன்னிக்கே மாத்திட்றேன்."

ஆட்டம் அவளுடையது, அவள் மாற்றினால்தான் மாறும் என்று நானும் சொன்னேன். அவர் டீ வேண்டாம் என்று கிளம்பினார்.

கணினிகளை ஏற்றிப்போக வண்டி வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது ஒரு கடிதம். பிள்ளைகள் செய்தவற்றின் பட்டியலை, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு விளக்கத்துடன் அனுப்ப வேண்டும். அதைப் பார்த்து முடிவு செய்வார்களாம். மற்றவற்றுக்கு நானே எழுதினேன். இதற்கு என்ன எழுதுவது என்று அவளைக் கேட்டு, சொன்னதில் ஓர் எழுத்தும் வெட்டாமல் அனுப்பினேன்:

"எங்க ரோடு. இதுல ஜெயிக்க முடியாது. தப்பு ஆட்டத்துல இல்ல."