சோக் இல்லாத கார்

கோவில்பட்டி கார் ஸ்டாண்டில் அல்லாபிச்சை பாயின் வண்டி என் வண்டிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். மழை வந்துவிட்டால் மனுஷன் பேசமாட்டார். கை மட்டும் ஸ்டியரிங்குக்குக் கீழே எதையோ தேடும்.

அவருடைய பழைய காரில் அங்கேதான், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் சோக் இருந்தது. இரண்டாயிரத்து இரண்டில் புதிதாக வாங்கிய கார்பரேட்டர் வண்டி. சோக்கைக் கூடுதலாக இழுத்தால் பெட்ரோல் நிறைந்து எஞ்சின் அடைத்துக்கொள்ளும். மறு வருடம் ஐப்பசி அடைமழையில் அவர் மனைவி சைத்தூன் பீவிக்கு மூச்சிழுப்பு கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பின்சீட்டில் கிடத்தினார். பதற்றத்தில் சோக்கை முழுக்க இழுத்துவிட்டார். செல்ஃப் சுற்றிக்கொண்டே இருந்தது, எஞ்சின் பிடிக்கவில்லை.

"பதறாதிய, பைய அடிங்க" என்றதுதான் பீவியின் கடைசிப் பேச்சு. வண்டி கிளம்பியபோது பின்சீட்டில் மூச்சுச் சத்தம் இல்லை.

வண்டியை விற்றுவிட்டு முடங்கிக் கிடந்தார். இரண்டாயிரத்து ஐந்தில் மகள் அஃப்ஷான் நச்சரித்து, என்னையும் கூட்டி, திருநெல்வேலி ஷோரூமுக்கு அனுப்பினாள். அதே மாடல், அதே வெள்ளை. சாவியைத் திருப்பினார், உடனே கிளம்பிவிட்டது. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினார். மறுபடியும் கிளம்பியது.

"சோக் எங்க?"

"சோக்கே கிடையாது பாய்" என்றான் விற்பனைக்காரன். "புகையக் குறைக்கணும்னு இந்த ஏப்ரல்ல இருந்து நாடு முழுக்க விதி. பெட்ரோலக் கம்ப்யூட்டரே அளந்து விட்டுரும். எந்த மழையிலயும் ஒரே அடி. மெட்ராஸ்ல நாலஞ்சு வருசமா இதான் ஓடுது. அங்க விதி முந்தியே வந்துட்டு. நமக்கு விதி இல்லைன்னு கம்பெனிக்காரவ பழைய எஞ்சினையே அனுப்புனாவ."

"நான் வாங்கையிலயும் அங்க இதுவா?"

"ஆமா பாய்."

"இதே காரா?"

"இதே கார்தான். எஞ்சின்தான் வேற."

பாய் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பின்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மெட்ராஸ்காரன் மூச்சுக்கு ஒரு விதி, எங்கள் மூச்சுக்கு ஒரு விதியா? விற்பனைக்காரனைத் திட்டி என்ன ஆகப்போகிறது? வண்டியை வாங்கி வந்தோம்.

போன ஐப்பசியில் நல்ல மழை. ஒதுங்கலாமென்று அவர் வண்டியருகே ஓடினேன். உள்ளே பாய் தனியாக இருந்தார். என்னைக் கவனிக்கவில்லை. கை சோக்கைத் தேடியது. பிறகு சாவியைத் திருப்பினார், எஞ்சின் பிடித்தது. கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்:

"வண்டி கிளம்பிட்டு சைத்தூன். மூச்ச விடு, இந்தா போயிரலாம்."

நான் கதவைத் தொடாமல் மழையிலேயே நின்றேன்.