சுவரில் தொங்கும் பன்றி

போன மாதம் டிக்கோயாப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் துரை பங்களாதான் இப்போது ஹோட்டல். ஒரு காலத்தில் வாசற்படியை மிதிக்க விடாத வீட்டில் சோபாவில் சாய்ந்து பிளேன்டீ குடித்தேன் என்றால் பாருங்களேன். நிமிர்ந்தால் சுவரில் ஒரு காட்டுப்பன்றித் தலை. "வெள்ளக்காரத் தொரை சுட்டதுங்க சேர்" என்று பரிமாறியவர் பெருமையாகச் சொன்னார். முனை முறிந்த அந்தக் கோரைப்பல்லைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது எங்கள் உருளைக்கிழங்கைத் தின்ற பன்றி.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துக்குப் பின்னால் அம்மாவுக்குத் துண்டுத் தோட்டம் ஒன்று இருந்தது. அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம். பந்தியில் கிழங்குக் கறி வைத்தே தீருவதென்று அம்மா நட்டிருந்தாள். மழையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்து, காலில் அட்டை கடித்த ரத்தம் காயுமுன்னே மண் அணைக்கப் போய்விடுவாள். இன்றைக்கும் கடையில் கிழங்குச் சாக்கைப் பிரித்தால் அந்த ஈர மண் வாசனைதான் முதலில் வரும்.

ஓடைக்கு அந்தப் பக்கம் காடு. மரைமான் வரும், முள்ளம்பன்றி வரும். துரைக்கோ வேட்டைப் பைத்தியம். பன்றிகள் மிரண்டு ஓடிவிடுமாம், அதனால் லயத்தில் யாரும் நாய் வளர்க்கக் கூடாது, கண்ணி வைக்கக் கூடாது. அவர் சுடும்வரை அவற்றுக்குத் தீனி போட நாங்கள்.

அப்பாவுக்கு விடிகாலையில் தப்பு மேளம் அடித்து ஆட்களைப் பெரட்டுக்கு எழுப்பும் வேலை. அன்றன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் களம்தான் பெரட்டு. ஒருநாள் அவர் எழுவதற்கு முன்பே, "பன்னி எறங்கிருச்சுங்க" என்று அம்மா கத்தினாள். அப்பா தப்பை எடுத்துக்கொண்டு ஓடி, அடி அடியென்று அடித்தார். முனை முறிந்த கோரைப்பல் தெரியப் பன்றி காட்டுக்குள் பாய்ந்தது. ஆனால் பாழாய்ப்போன பழக்கம், கையில் விழுந்தது பெரட்டு அடி. மொத்த லயமும் கம்பளியும் கூடையுமாகப் பனியில் போய் நின்றுவிட்டது.

"யாருய்யா இந்நேரத்துல அடிக்கச் சொன்னது?" என்றார் எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை.

"பன்னிக்குத்தாங்க அடிச்சேன்."

சனங்கள் அப்பாவைத் திட்டித் தீர்த்தார்கள். கணக்கப்பிள்ளை விடவில்லை. "வந்தது வந்தீங்க, மலைக்கு ஏறுங்க" என்று அம்மாவையும் சேர்த்து அனுப்பிவிட்டார். காவலுக்கு ஆளில்லை. சாயங்காலம் வந்து பார்த்தால் ஏர் உழுத மாதிரி கிடக்கிறது. பன்றி திரும்பி வந்து ஆற அமரத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

கல்யாணத்தன்று பருப்பும் கீரையும்தான். "ஒரு கெழங்குக் கறிக்குக்கூட வக்கில்லயா?" என்று மாப்பிள்ளையின் அத்தை பந்தியிலேயே கேட்டாள். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

அடுத்த வாரமே துரை வேட்டைக்குப் போனார். காட்டிலிருந்து பன்றியைக் கலைத்துவிட அப்பாவைத்தான் தப்போடு கூட்டிப் போனார்கள். அன்றைக்கு மட்டும் பன்றியை மிரட்டலாம்.

இப்போது அந்தக் காடு இல்லை. லயம் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. அக்கா இந்தியாவுக்குக் கப்பலேறி அங்கேயே போய்ச் சேர்ந்தாள். அப்பாவும் அம்மாவும் தேயிலைக்கு அடியில். எந்த இடம் என்று காட்ட ஒரு கல்கூடக் கிடையாது.

பன்றியை மட்டும் வாராவாரம் தூசி தட்டித் துடைக்கிறார்களாம்.