பதினொன்றில் மிஞ்சியவர்

மலைப்பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் நான், ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களின் ஜீப்பில்தான் தினமும் போடியிலிருந்து ஏறுவேன். அவர்களில் ஒருவரின் பெயரை நான் கேட்டதே இல்லை. ஒல்லியான உடம்பு. சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. காய்ச்சாறு ஏறிக் கறுத்த விரல்கள்.

ஜீப்பு கிளம்பியதும் தலைகளை எண்ணுவார். "பன்னெண்டு. ரெண்டு ரெண்டாப் போனா ஆறு சோடி, மூணு மூணாப் போனா நாலு கூட்டம். யாரும் மிஞ்சல."

பாம்புக்குப் பயந்து காட்டுக்குள் யாரும் தனியாகக் காய் எடுப்பதில்லை. அதற்காகத்தான் அந்தக் கணக்கு. என் ஆறாம் வகுப்பு திணறும் காரணிகள் அவருக்கு முதல் வளைவுக்குள் முடிந்துவிடும்.

மழைக்காலத்தில் ஒருநாள் அவர் எண்ணவில்லை. நான் எண்ணினேன். பதினொன்று. அவருடைய சோடி முந்தைய வாரம் பாம்பு கடித்து இறந்திருந்தார்.

"பதினொண்ணப் பிரிக்கவே முடியாதா சார்?"

"முடியாதும்மா. எப்படிப் பிரிச்சாலும் மிஞ்சும். ஏதாவது ஒரு சோடியோட மூணாவதாச் சேந்துக்கங்களேன்."

"கேட்டுப் பாத்துட்டேன் சார். பாம்பு கடிச்சவளோட சோடின்னு யாரும் சேக்க மாட்டேங்குறாக."

மற்ற பத்துப் பேரும் வெளியே பார்த்தார்கள். நானும் வெளியே பார்த்தேன்.

அன்று வகுப்பில் பதினொன்றின் காரணிகளைக் கேட்டேன்.

"ஒண்ணு, பதினொண்ணு" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

விடை சரிதான். ஜன்னலுக்கு எதிரே மேகம் இறங்கிய ஏலக்காட்டின் பக்கம் திரும்பாமல் பலகையை அழித்தேன்.