பூட்டக்கா

காலையில் கணினி முன்னால் உட்கார்ந்ததும் முதலில் தப்பான கடவுச்சொல்லைத்தான் அடிப்பாள். பிறகு எதையும் அடிக்காமல் ஒரு தட்டு. பிறகு, வேலைவெட்டி இல்லாத குறும்புக்காரன் என்னென்ன அடிப்பானோ அத்தனையும் அடித்துப் பார்ப்பாள். எதற்கும் கதவு திறக்கவில்லை என்று மனசுக்குப் பட்டால்தான் சரியான கடவுச்சொல்லுக்கு முறை வரும். உள்ளே போனதும், சோதித்துப் பார்க்கவென்றே வைத்திருக்கும் வங்கி அட்டையில் ஒரு சக்கர நாற்காலி வாங்குவாள். பணம் வந்துவிட்டதாகத் திரை சொன்னதும் ரத்து செய்துவிட்டு எழுந்துபோய்க் காபி போடுவாள்.

நோயாளிகளுக்கான பொருட்களை விற்கும் கடை ஒன்றின் இணையதளத்தைக் கட்டியவள் அவள். வாடிக்கையாளர் உள்ளே நுழைவதும் பணம் கட்டுவதும் அவள் எழுதிய நிரலில்தான். அதனால் அலுவலகத்தில் அவளுக்குப் பூட்டக்கா என்று பெயர். வயது நாற்பத்திரண்டு. காதுக்கு மேல் ஒரு பேனா செருகியே இருக்கும். அதை வைத்து அவள் எழுதி யாரும் பார்த்ததில்லை.

"யாரு என்ன வாங்குறாங்கன்னு எட்டிப் பார்க்காதீங்கப்பா. அது அடுத்தவங்க வீட்டுப் படுக்கையறை" என்று கூட வேலை செய்கிறவர்களிடம் பொரிந்து தள்ளுவாள். நியாயமான பேச்சுதான். ஆனால் ஒரே ஒரு கணக்கை மட்டும் அவளே தினமும் எட்டிப் பார்க்கிறாள், பாவம்.

அது அவளுடைய அண்ணன் கணக்கு. பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக, "உனக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல" என்று ஒன்பது வருடத்துக்கு முன்னால் வாசலோடு திருப்பி அனுப்பியவர். அம்மா இருப்பது அவரோடுதான். ஒருநாள் புது வாடிக்கையாளர் பட்டியலில், அவளுக்கு மனப்பாடமான அந்தக் கைபேசி எண் வந்து நின்றது. தளத்தைக் கட்டியது யாரென்று அவருக்குத் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே கணக்கை மூடிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுவார். அம்மாவைப் பற்றி அறிய அவளுக்கு இருக்கிற ஒரே வழியும் அதோடு போச்சு.

முதலில் கைத்தடி வாங்கினார். ஆறு மாதத்தில் வாக்கர். அப்புறம் பெரியவர்களுக்கான டயபர், நடுத்தர அளவு. போன மழைக்காலத்தில் அதுவே சின்ன அளவாக மாறியது. "எங்கம்மா பாதியா இளைச்சுப் போயிட்டாங்கங்க" என்று கணவனிடம் சொன்னவள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

போன வாரம் காற்று மெத்தைக்குப் பணம் கட்ட அண்ணன் மூன்று முறை முயன்றிருக்கிறார். வங்கியில் ஏதோ கோளாறு. மூன்று முறை தோற்றால் திருட்டு அட்டையாக இருக்கலாம், கணக்கைப் பூட்டு என்று விதி எழுதி வைத்திருந்த புண்ணியவதி இவளேதான். அவர் கடைக்குப் போன் போட, கடைக்காரர் அதை நேராக இவளுக்குத் திருப்பிவிட்டார்.

"என்னங்க கடை நடத்துறீங்க? அம்மாவுக்கு முதுகெல்லாம் புண்ணு. மெத்தை இன்னைக்கே வேணும். கணக்கைப் பூட்டிட்டோம்னு வருது!"

அண்ணனேதான். பூட்டக்கா தொண்டையைக் கனைத்து, இல்லாத ஒரு மெல்லிய குரலை வரவழைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க சார். சில விவரம் சரிபார்க்கணும்."

சரிபார்க்க ஒன்றுமே இல்லை. ஒரு பொத்தானைத் தட்டினால் திறந்துவிடும். ஆனால் போனுக்குள்ளே, தூரத்தில், யாரோ முனகுவது கேட்டது. எட்டி மின்விசிறியை நிறுத்தினாள்.

முகவரி கேட்டாள். பிறந்த தேதி கேட்டாள். நோயாளியின் எடை கேட்டாள்.

"முப்பத்தாறு கிலோ இருக்கும். நோயாளிக்கு நீங்க என்ன வேணும்னு கேட்பீங்க, மகன். வேற?"

"கூட இருந்து பார்த்துக்க வேற பிள்ளைங்க யாராவது..."



"இல்ல. நான் ஒருத்தன்தான்."

 பூட்டக்கா உலகத்திலேயே இல்லாத ஒரு விதியைச் சொன்னாள்.

"கடைசியா, நோயாளி தன் வாயால சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லணும் சார்."

"இதென்ன கூத்து!" என்று எரிந்து விழுந்தார். ஆனாலும் மெத்தை வேண்டுமே. அவர் நடந்துபோகும் சத்தம் கேட்டது. "அம்மா, மெத்தைக் கடையிலேர்ந்து பேசுறாங்க. சம்மதம்னு சொல்லும்மா."

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "சம்மதம்" என்ற வார்த்தை இரண்டு தவணையாக வந்தது. அதோடு நிற்கவில்லை.

"போன்ல யாரு?"

பூட்டக்கா கணக்கைத் திறந்துவிட்டாள். தன் குரல் அந்தப் பக்கம் கேட்காமலிருக்க மியூட் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்ட பிறகு சொன்னாள்.

"நான்தாம்மா."