வெளியூர் ஆள் வேய்ந்த கூரை

அறுபத்தேழில் ஆட்சி மாறி இரண்டொரு வருடம் ஆகியிருந்த சமயம். நாகப்பட்டினத்துக்கு மேற்கே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் கிராமத்தில், கோடை விடுமுறையின் கடைசி நாட்களில் நடந்தது இது. நான் ஐந்தாவது முடித்துவிட்டு, டவுன் பள்ளிக்கூடத்தில் ஆறாவது சேரக் காத்திருந்தேன். எங்கள் தெருவிலிருந்து ஆறாவதுக்குப் போகிற முதல் பெண் நான்தான். நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் தைத்து வந்து, அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தன. தினமும் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு மூடுவேன்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் வருடா வருடம் எங்கள் வீட்டில் நடக்கிற பெரிய வேலை கூரை மாற்றுவதுதான். மே மாதம் பிறந்ததும் அம்மா தோப்புகளில் வேலை செய்து, கூலிக்குப் பதிலாகத் தென்னை மட்டை வாங்கி வருவாள். நானும் தம்பியும் அதைக் குளத்தில் ஊறப்போட்டு, நன்றாக ஊறினதும் இழுத்து வருவோம். அம்மா மட்டையைப் பிளந்து கொடுக்க, மூன்று பேரும் புளிய மரத்து நிழலில் உட்கார்ந்து கீற்று முடைவோம். உடம்பெல்லாம் ஊறின ஓலை நாற்றம் அடிக்கும். பிறகு ஒரு நாள் அப்பா மேலே ஏறிப் பழைய கீற்றைப் பிரித்து எறிந்துவிட்டுப் புதுக் கீற்று வேய்வார். அன்றைக்கு, வற்றின குளத்தில் பிடித்த மீனில் குழம்பு வைப்போம்.

அந்த வருடம் கீற்றெல்லாம் முடைந்து அடுக்கியாகிவிட்டது. வேய்வதற்கு அப்பா இல்லை.

குறுவைக்குக் கூலி கூட்டிக் கொடுத்தால்தான் வயலில் இறங்குவோம் என்று எங்கள் தெரு ஆட்கள் சங்கம் வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். மேட்டூரில் தண்ணீர் திறக்கிற நேரம் நெருங்கியது. பண்ணை என்று நாங்கள் சொல்கிற மிராசுதார், வாய்க்கால் வெட்டவும் நாற்றங்கால் போடவும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். களத்துமேட்டுக் கொட்டகையில் அவர்களுக்குச் சோறும் தங்கலும். ஒரு நாள் காலையில் வாய்க்கால் கரையில் எங்கள் ஆட்களுக்கும் அவர்களுக்கும் கைகலப்பு ஆகிவிட்டது. மண்வெட்டிக் காம்பாலும் கழியாலும் அடித்துக்கொண்டார்கள். போலீஸ் வந்து அப்பாவையும் இன்னும் சிலரையும் பிடித்துப்போய் நாகப்பட்டினத்தில் அடைத்துவிட்டது. மிச்சமிருந்த ஆண்கள் போலீசுக்குப் பயந்து ஊரிலேயே இல்லை. தெருவில் பெண்களும் நாங்களும்தான்.

அந்த வெளியூர் ஆட்களை நாங்கள் பிள்ளைகள் எப்படி வெறுத்தோம் என்று சொல்லி முடியாது. தூரத்தில் அவர்கள் தலை தெரிந்தாலே தம்பி காறித் துப்புவான். அம்மா அதட்டவே மாட்டாள்.

ஒரு நாள் பண்ணை வேலைகளைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரர் சைக்கிளில் வந்தார். அடுக்கி வைத்திருந்த கீற்றைப் பார்த்தார்.

"கூரை மேல கைய வச்சே, அவ்வளவுதான். மனை பண்ணையோடது. கூரை இல்லாம வெறுஞ்சுவரு நின்னா, குடி காலி பண்ணிட்டாங்கன்னு மறுநாளே வேலி அடைச்சுடுவேன்" என்றார்.

அவர் சொன்னால் செய்வார். அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்குச் செய்திருந்தார்கள். ஆனால் எங்கள் பழைய கீற்று மக்கிப் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு மழையைக்கூடத் தாங்காது. வீடு போய்விட்டால் வேதாரண்யத்தில் மாமா வீட்டுக்குத்தான் போக வேண்டும். மாமா உப்பளத்தில் வேலை பார்த்தார். அங்கே போனால் அம்மாவோடு நானும் உப்பு வாரத்தான் போவேன், டவுன் பள்ளிக்கூடம் கிடையாது. இது எனக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

அந்த வாரம் பண்ணைக்கு அறுபதாம் கல்யாணம். திருக்கடையூரில் ஏற்பாடு. குடும்பம் மொத்தமும் விடியற்காலையிலேயே காரிலும் வேனிலும் கிளம்பியது. காரியக்காரரும் கூடவே போனார். அம்மா இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தாள் போல. கார் சத்தம் அடங்கியதும் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டாள். கூரை மேல் பெண் ஏறி அதுவரைக்கும் நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு அத்தையும் இன்னும் இரண்டு பெண்களும் கீழே நின்றார்கள். நானும் தம்பியும் விழுகிற பழைய ஓலையை இழுத்துப் போட்டோம்.

வெயில் ஏறுவதற்குள் கூரை முழுக்கப் பிரிந்துவிட்டது. மூங்கில் கழியும் வானமும்தான். வீட்டுக்குள் இருந்த பானையும் டிரங்குப் பெட்டியும் அப்படியே வெட்டவெளியில் தெரிந்தன.

கிழக்குப் பக்கம் இரண்டு வரிசை வேய்ந்திருப்பாள். காலுக்குக் கீழே ஒரு மூங்கில் முறிந்தது. அம்மா சுவரோடு சறுக்கி வாசலில் வந்து விழுந்தாள். எழுந்து நிற்கப் பார்த்தாள், முடியவில்லை. கணுக்கால் சட்டென்று வீங்கிக்கொண்டு வந்தது. வலியில் கத்தவில்லை. மேலே திறந்து கிடந்த வீட்டைப் பார்த்துத்தான் அழுதாள். அத்தை ஏறிப் பார்த்தாள். பாதி ஏணியிலேயே தலை சுற்றுகிறது என்று இறங்கிவிட்டாள்.

அப்போதுதான் குளத்துப் பக்கமிருந்து ஒரு ஆள் வந்தார். ஈரத் துண்டு, கறுத்த உடம்பு, நெற்றியில் துணிக் கட்டு. பண்ணை வீட்டில் விசேஷம் என்று அன்றைக்கு வெளியூர் ஆட்களுக்கு வேலை இல்லை. குளிக்க வந்தவர், அம்மா விழுந்ததைப் பார்த்திருக்கிறார்.

"நான் ஏறட்டுமா தாயி?" என்றார்.

அத்தை கீழே கிடந்த அரிவாளை எடுத்துக்கொண்டு, "ஒரு அடி வச்சுப் பாரு" என்றாள்.

அவர் அங்கேயே நின்றார். "எனக்குக் கூரை வேயத் தெரியும். அதான் கேட்டேன்."

அம்மா அவர் நெற்றிக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது எங்க ஆளுங்க அடிச்சதா?"

"யாரு அடிச்சாகன்னு பாக்கல தாயி. எல்லாந்தான் அடிச்சுக்கிட்டோம்."

"எங்க வயித்துல அடிக்கத்தானே லாரி ஏறி வந்தீங்க?"

"வேலை இருக்குன்னுதான் கூட்டியாந்தாக. இங்க இப்படின்னு யாரும் சொல்லல. எங்க சீமையில மழை பேஞ்சு ரெண்டு வருசமாச்சு. ஊட்டுல மூணு பிள்ளைக" என்றார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "கயித்தை எடுத்து அவருகிட்ட குடு" என்றாள்.

நான் கொடுத்தேன். அவர் முறிந்த மூங்கிலை முதலில் மாற்றினார். பிறகு ஓட்டமாக வேலை நடந்தது. தம்பி கீற்றை இழுத்து வர, நான் ஏணியில் நின்று வாங்கி மேலே நீட்ட, அவர் ஒன்றின் மேல் ஒன்றாகப் பரப்பிக் கட்டிக்கொண்டே போனார். எங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தியானம் அம்மா கஞ்சி ஊற்றிக் கொடுத்தனுப்பினாள். மேலேயே உட்கார்ந்து குடித்துவிட்டுச் சட்டியைக் கொடுத்தார்.

முகடு மட்டும் பாக்கி. காரியக்காரரின் சைக்கிள் மணி கேட்டது. சாயங்காலம்தான் வருவார் என்று இருந்தோம். களத்தில் விதை நெல் காவலுக்கு என்று அவரை முன்னாலேயே பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள் போல. பட்டு வேட்டியோடு அப்படியே வந்து நின்றார்.

"யார்ரா மேல? எறங்குடா."

"முகடு ஒண்ணுதாங்க பாக்கி. மூடிட்டு எறங்குறேன்."

"சோறு போட்டு வச்சிருக்கிறது இதுக்காடா? இப்ப எறங்கலைன்னா ஒனக்கு இங்க வேலை இல்ல. கொட்டகையில ஒன் மூட்டையும் இருக்காது."

மேலே அவர் கை நின்றது. அவர் இறங்கினால் எல்லாம் முடிந்தது. இறங்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். எனக்கு அவரைத் தவறாகச் சொல்லவும் தோன்றவில்லை. ஊரில் மூன்று பிள்ளைகள் என்று என் காதால் கேட்டிருந்தேன்.

அவர் ஏணிப் பக்கம் குனிந்து, "பாப்பா, அடுத்த கீத்தைக் குடு" என்றார்.

காரியக்காரர் ஏணியைத் தள்ளிவிட வந்தார். அத்தை ஏணிக்கு முன்னால் போய் நின்றாள். மற்ற இரண்டு பெண்களும் நின்றார்கள். காலை ஊன்ற முடியாத அம்மா, தரையில் நகர்ந்து வந்து ஏணியின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பெண்கள் மேல் கை வைக்க அவருக்குத் துணிவில்லை. கெட்ட வார்த்தையால் வைதுவிட்டுக் களத்துமேட்டுப் பக்கம் போனார்.

முகடு மூடினதும் அவர் இறங்கினார். அம்மா, "இருங்க, மீன் கொழம்பு வைக்கிறேன், சாப்ட்டுட்டுப் போங்க" என்றாள். காலையில் 'எங்க வயித்துல அடிக்கத்தானே வந்தீங்க' என்று கேட்டவள்.

"இல்ல தாயி, மூட்டையப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் வரப்பு மேலே ஒரு துணி மூட்டையோடு அவர் ரோட்டைப் பார்த்துத் தனியாக நடந்து போனதை நானும் தம்பியும் பார்த்தோம். தம்பி துப்பவில்லை. ஓடிப்போய்ப் பெயரையாவது கேட்டிருக்கலாம். எங்களுக்குத் தோன்றவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் அப்பா ஜாமீனில் வந்தார். அம்மா நடந்ததைச் சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டே கேட்டிருந்த அப்பா, நெற்றிக் கட்டு என்றதும், "எந்தப் பக்கம்?" என்றார். "வலது பக்கம்" என்றாள் அம்மா. அப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

கொஞ்ச காலம் கழித்து, குடியிருக்கிறவர்களுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்தது. கூரை இருந்த வீடு என்பதால் எங்கள் பெயருக்கு அந்த மண் எழுதப்பட்டது. நான் படித்தேன், நர்ஸ் ஆனேன், இப்போது ஓய்வும் பெற்றாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் எத்தனையோ தலைக் காயங்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். எந்தத் தகராறில், எந்தப் பக்கம் நின்று அடிபட்டவர் என்று ஒருவரிடமும் நான் விசாரித்ததில்லை.

இன்றைக்கும் எங்காவது போராட்டம் நடக்கிற இடத்தில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள் என்று செய்தியில் வந்தால், எங்கள் பக்கத்து நியாயம் எனக்குக் கொஞ்சமும் குறைவதில்லை. ஆனாலும் அந்த லாரியிலிருந்து இறங்குகிறவர்களை மொத்தமாக வெறுக்க, அந்த நாளுக்குப் பிறகு என்னால் முடியவே இல்லை.